மந்திரி மேல் விழுந்த பழி

ஜூன் 2

சின்னவளுக்கு,

போன்ல பேசினா பாதியில ஒண்ணு நீ வைக்கிறே, இல்ல நான் வைக்கிறேன். போன வாரம் வெச்சது நான்தான். அதனால எழுதறேன். எழுத ஆரம்பிச்சா முடிச்சுத்தானே ஆகணும்.

விஷயம் இதுதான். உன் நாய் என் முயல் ரெண்டைக் கொன்னுடுச்சு.

நீ போனப்புறம் வாங்கின முயல்கள், நீ பார்த்ததில்ல. நீள ரோமம் இருக்கிற ஜாதி. வாரத்துக்கு ஒரு தடவை மடியில வெச்சுச் சீவினா ரோமம் பஞ்சு மாதிரி கையோட வரும். அதை நூல் நூற்கிறவங்களுக்குக் கொடுக்கறேன். தையல் மிஷினை மிதிச்சு மிதிச்சு முட்டி போயிடுச்சு, உட்கார்ந்து செய்யற வேலையா வேணும்னுதான் ஆரம்பிச்சேன். பின்பக்க மதிலை ஒட்டிக் கால் வெச்ச மரக்கூண்டு, சுத்திக் கோழி வலை, கதவுக்கு ஆணியில சுத்தற ஒரு கட்டை. எல்லாம் நானே அடிச்சது. உங்கண்ணன் வெல்டிங் பட்டறை வெச்சிருக்கார்னுதான் பேரு, வீட்டுக்கு ஒரு கம்பி வளைச்சதில்ல.

நேத்து காலையில தண்ணி வைக்கப் போனா கதவு திறந்து கிடக்கு. சாம்பல் நிறத்தவ கூண்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கறா. இன்னொருத்தி கீழே மண்ணுல, பாதிதான் இருக்கா. மிச்சம் இருந்ததெல்லாம் ஒரு மூலையில ஒண்ணு மேல ஒண்ணா ஏறி நடுங்கிட்டு இருந்துச்சு. பக்கத்துலயே உன் மந்திரி படுத்திருக்கான். மூக்கு நுனியில வெள்ளை ரோமம். என்னைப் பார்த்து வாலை வேற ஆட்டறான்.

ஒரு வேலையும் செய்யாம மரியாதை மட்டும் வாங்கிக்கறான்னுதானே அவனுக்கு அந்தப் பேர் வெச்சோம். இப்ப வேலை செஞ்சிருக்கான், நல்ல வேலை.

மரக்கடைக்காரர் காவலுக்கு நாய் தேடிட்டு இருக்கார். நீ வந்து கூட்டிட்டுப் போறியா, இல்ல அவர்கிட்ட விட்டுடவா? உங்கண்ணன்கிட்ட கேட்டேன். "அது யாரோட நாய்?"னு கேட்டுட்டுப் பட்டறைக்குக் கிளம்பிட்டார். உன் பேரைச் சொல்லாமலே உன்னைப் பத்திப் பேசறதுல நல்லாத் தேறிட்டார்.

சீக்கிரம் பதில் போடு.

அண்ணி


ஜூன் 7

அண்ணிக்கு,

உங்க முயல்கள் செத்ததுக்கு எனக்கு நிஜமாவே வருத்தம். இதை முதல்ல எழுதிடறேன், ஏன்னா அடுத்து எழுதப் போறது உங்களுக்குப் பிடிக்காது. மந்திரி அதைச் செஞ்சிருக்க மாட்டான்.

பாசத்துல சொல்லல. நான் ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுப் போடற பிரிவுல இருக்கேன். நாய்க்கடி வராத நாள் குறைவு. நாய் கடிச்சா பிடிச்சு உதறும், சதை கிழிஞ்சு தொங்கும். ஒரு இடத்தோட விடாது. தொடை, விலா, முதுகுன்னு கிடைச்ச இடமெல்லாம் பல் பதியும். வீட்டு நாய் முயலைக் கொல்றது பெரும்பாலும் துரத்தி விளையாடற வேகத்துலதான், பசியில இல்ல. வேளைக்குச் சோறு வாங்கித் தின்னுட்டுப் படுத்திருக்கிற நாய் பாதி முயலை ஏன் தின்னணும்? மூக்குல ரோமம் ஒட்டினதுக்குக் காரணம், செத்துக் கிடந்ததைப் போய் மோந்து பார்த்திருப்பான். நானா இருந்தாலும் பார்த்திருப்பேன்.

நீங்க என்னென்ன பார்த்தீங்கன்னு எழுதுங்க. காயம் எங்க இருந்துச்சு, கழுத்துலயா வயித்துலயா? பெருசா கிழிஞ்சிருந்ததா, இல்ல சின்ன ஓட்டை மாதிரியா? தின்ன பாகம் எது? வலை உள்பக்கமா வளைஞ்சிருந்ததா? கூண்டைச் சுத்தி மண்ணு பறிச்சிருந்ததா? நாயோ நரியோ வந்திருந்தா மண்ணைக் கிளறியிருக்கும். நரின்னா முழுசாத் தூக்கிட்டே போயிடும், உங்களுக்கு எண்ணிப் பார்த்தப்புறம்தான் தெரியும். பாம்புன்னா குட்டிகளை மட்டும் முழுங்கும், ரத்தமே இருக்காது. எது வந்ததுன்னு தெரியாம கதவைப் பூட்டினா, ஜன்னல் வழியா வர்றவனுக்கு வாசல்ல காவல் போட்ட கதைதான்.

என்னால இப்ப வர முடியாது. வந்தாலும் விடுதியில நாய் வைக்க விட மாட்டாங்க. ஜன்னல்ல ஒரு தொட்டிச் செடி வெச்சதுக்கே வார்டன் அம்மா ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போனாங்க.

நீங்க கோபமா இருக்கீங்க, அது நாய் மேல மட்டும் இல்லன்னும் தெரியும். இந்த வேலைக்கு நான் கிளம்பின அன்னைக்கு அண்ணன், "போனா திரும்பி இந்தப் பக்கம் வராதே"ன்னார். நீங்க சாப்பாடு கட்டிக் கையில கொடுத்தீங்க, ஒரு வார்த்தை பேசல. நீங்களும் அவர் பக்கம்தான்னு அன்னைக்கே புரிஞ்சுக்கிட்டேன். அதுக்காக வாயில்லாதவன் மேல பழி போட வேண்டாம்.

மந்திரியை எங்கேயும் அனுப்பாதீங்க. கேட்டுக்கறேன்.

சின்னவள்


ஜூன் 12

சின்னவளுக்கு,

உன் கடிதம் நேத்துதான் வந்துச்சு. மந்திரி ஞாயித்துக்கிழமையே மரக்கடைக்குப் போயிட்டான். அவர் வண்டியோட வாசல்ல வந்து நின்னார், நான் கயித்தை அவிழ்த்துக் கொடுத்துட்டேன். அவனும் ஏதோ கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி ஏறி உட்கார்ந்துக்கிட்டான். திரும்பிக்கூடப் பார்க்கல. அதுதான் ஒரு மாதிரியா இருந்துச்சு.

இதோட விட்டுடலாம்னு நினைச்சேன். ஆனா இன்னைக்குக் காலையில டீச்சர் செத்துக் கிடந்தா.

டீச்சர்னா என் பெரிய வெள்ளை முயல். எதைக் கொடுத்தாலும் மூக்கைச் சுருக்கி, இப்ப திட்டப் போறேங்கற மாதிரியே பார்ப்பா. சீவறப்ப மடியில அசையாம உட்கார்றவ அவ ஒருத்திதான். நாய் இந்த வீட்டுலயே இல்ல, அவ செத்துட்டா. இதுக்கு மேல நான் என்ன எழுத.

கண்ணைத் துடைச்சிட்டு உன் கடிதத்தை எடுத்துக்கிட்டுப் பின்பக்கம் போனேன். நீ கேட்டதை ஒவ்வொண்ணாப் பார்த்தேன். பிடரியில ரெண்டு சின்ன ஓட்டை, ஊசியால குத்தின மாதிரி. தலையும் முன்பக்கமும் தின்னிருக்கு, பின்னங்கால் அப்படியே இருக்கு. வேற எங்கேயும் கிழிசல் இல்ல. மண்ணு பறிக்கல. வலை வளையல. கதவுக் கட்டை மட்டும் மேல சுத்தியிருக்கு. நான் நேத்து சாயங்காலம் கீழே திருப்பிட்டுத்தான் வந்தேன், சத்தியமா. மூக்காலயோ கையாலயோ யாரோ தள்ளியிருக்காங்க.

இன்னொண்ணு. மதில் மேல, கூண்டுக்கு நேரா, காய்ஞ்ச எச்சம். குச்சியால கிளறிப் பார்த்தேன். பூராவும் ஏதோ பழத்தோட கொட்டை. பழமும் தின்னுட்டு முயலும் தின்ற ஜீவன் எது? உங்க ஆஸ்பத்திரியில யாருக்காவது தெரியுமா?

அப்புறம், சாப்பாடு கட்டிக் கொடுத்த விஷயம். நான் பேசாம இருந்தது உங்கண்ணன் பக்கம் சேர்ந்து இல்ல. வாயைத் திறந்தா அழுதிருப்பேன், நான் அழுதா நீ போகாம நின்னிருப்பே. நீ போகணும்னு நினைச்சவ இந்த வீட்டுல நான் ஒருத்திதான். இதைக்கூட சொன்னாத்தான் உனக்குப் புரியுமா?

அண்ணி


ஜூன் 16

அண்ணிக்கு,

மந்திரியை அனுப்பிட்டீங்கன்னு படிச்சதும் கடிதத்தை மடிச்சுப் பையில வெச்சிட்டேன். வேலை முடிஞ்சு சாயங்காலம்தான் மிச்சத்தைப் படிச்சேன். கோபம் இருக்கு. ஆனா கடைசிப் பாராவைப் படிச்சப்புறம் அந்தக் கோபத்தை எங்க வைக்கிறதுன்னு தெரியல. இத்தனை மாசம் நான் வேற மாதிரி நினைச்சிட்டு இருந்திருக்கேன்.

முதல்ல முயல்கள். இந்தக் கடிதம் கையில கிடைச்சதும் எல்லாத்தையும் வீட்டுக்குள்ள கொண்டு வந்துடுங்க. எங்க இடம் இருக்கோ அங்க. ஒரு தடவை ருசி பார்த்தது திரும்பத் திரும்ப வரும்.

உங்க கடிதத்தை என்கூட வேலை செய்யற ஸ்டாஃப் நர்ஸுக்குப் படிச்சுக் காட்டினேன். அவங்க வீட்டுல கோழி வளர்த்தவங்க. கழுத்துல கடி, தலையிலிருந்து தின்றது, மதில் மேல கொட்டையோட எச்சம், இதெல்லாம் சேர்த்துப் பார்த்தா மரநாயா இருக்கும்னு சொல்றாங்க. பூனையை விட நீளமா, வால் பெருசா இருக்குமாம். பழம்தான் அதுக்கு முக்கியம், கோழி, முயல் கிடைச்சாலும் விடாது. மரத்துலயும் கூரையிலயும் மதில்லயும்தான் நடக்கும், தரையில இறங்கறது குறைவு. உங்க வீட்டு மதிலுக்கு மேல பக்கத்து வீட்டு மரம் ஏதாவது சாஞ்சிருக்கா?

நிச்சயம் பண்ணிக்க ஒரு வழி இருக்கு. காலி கூண்டுக்குள்ள கொஞ்சம் பழத்தோல் போட்டு, கூண்டுக்கு மேலயும் மதில் மேலயும் மாவைச் சலிச்சுத் தூவி விடுங்க. காலையில தடம் இருக்கும். நாய்க்கும் பூனைக்கும் நாலு விரல்தான் பதியும். மரநாய்க்கு அஞ்சு.

அப்புறம் மந்திரி. மரக்கடைக்காரர்கிட்ட நீங்க போய்க் கேட்டா கொடுப்பாரா? அண்ணனைக் கேட்கச் சொல்ல முடியுமா? நான் கேட்டா அவர் செய்ய மாட்டார். நான் கேட்டேன்னு சொல்லாதீங்க.

டீச்சருக்காக ரொம்ப வருத்தப்படறேன். கட்டு மாத்தறப்ப அசையாம உட்கார்ற நோயாளி எனக்கும் ஒருத்தர் இருந்தார்.

சின்னவள்


ஜூன் 24

சின்னவளுக்கு,

முயல்களைக் குளியலறையில விட்டிருக்கேன். வேற இடமே இல்ல. முதல் நாள் உங்கண்ணன் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கதவைத் திறந்தார், உள்ளே எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தாங்க. "இப்படிப் பார்த்தா எப்படிக் குளிக்கிறது?"ன்னார். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் பேசின பெரிய வாக்கியம் அதுதான். அன்னையிலிருந்து பட்டறைக் குழாய்லயே குளிச்சிட்டு வர்றார்.

நீ சொன்ன மாதிரி மாவு தூவினேன். காலையில முதல்ல எழுந்தது அவர். நான் போறப்ப மதில் பக்கம் குனிஞ்சு நின்னுட்டு இருந்தார்.

"மாவை ஏன் இங்க கொட்டியிருக்கே?"

"தடம் பார்க்க."

"யார் சொன்னது?"

நான் உன் பேரைச் சொல்லல. நீ கேட்டேன்னு சொல்ல வேண்டாம்னு எழுதியிருந்தியே. "எழுதியிருந்தாங்க"ன்னு மட்டும் சொன்னேன். அவர் குந்தி உட்கார்ந்து விரலால எண்ணினார். அப்புறம் நிமிர்ந்து, "அஞ்சு விரல். இது நாய் இல்ல"ன்னார். மதில் மேலயே நடந்து வந்து, பக்கத்து வீட்டு மரக்கிளையில ஏறிப் போயிருக்கு. பழத்தோலைச் சுத்தமா தின்னுட்டு நன்றிக்கு ஒரு எச்சம் வேற வெச்சிட்டுப் போயிருக்கு.

மரநாய்தான். பேர்லயாவது நாய் இருக்கே, அதனால நான் பாதி சரியாத்தான் சொன்னேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா தேறல. மந்திரி தட்டு கழுவிக் கவிழ்த்து வெச்சபடியே இருந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் மரக்கடைக்கு நான் போனேன். மந்திரி மரத்தூள் குவியல்ல படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கால் மேல சாஞ்சு நின்னான். அவன் மேல எவ்வளவு பெரிய பழி போட்டேன், அவனுக்கு அது தெரியவே தெரியாது. கடைக்காரர் கொடுக்க மாட்டேன்னுட்டார். "நாயைக் கொடுக்கறதும் வாங்கறதும் விளையாட்டாம்மா? வந்ததிலேர்ந்து ஒரு பலகை திருடு போகல"ன்னார். நான் வெறும் கையோட வந்தேன். வீட்டுல சொல்லிட்டு அழுதேன், மறைக்கல.

உங்கண்ணன் கையைக் கழுவிட்டு வந்து உட்கார்ந்தார். "கொடுத்தவ நீ, அதனால உன்கிட்ட தர மாட்டார்"னு சொன்னார். அதோட சரி.

மறுநாள் பட்டறையிலிருந்து வர நேரமாச்சு. அதுக்கு மறுநாளும். மூணாவது நாள் வாசல்ல சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தா, அவர் சைக்கிளைத் தள்ளிட்டு வர்றார், பக்கத்துல மந்திரி. மரக்கடையோட உடைஞ்ச இரும்பு கேட்டை மூணு நாளா உட்கார்ந்து பத்தவெச்சுக் கொடுத்திருக்கார். "கேட் நல்லா இருந்தா அவருக்கு நாய் எதுக்கு?"ன்னார்.

நான் ஒண்ணும் சொல்லல. நீயும் ஒண்ணும் எழுதாதே. சும்மா தெரிஞ்சுக்கோ.

அண்ணி


ஜூன் 30

அண்ணிக்கு,

நான் ஒண்ணும் எழுதல. ஆனா அந்தப் பக்கத்தை நிறைய தடவை படிச்சேன்.

இப்ப கூண்டு. கோழி வலை கோழி வெளியே போகாம இருக்கத்தான். வெளியிலிருந்து வர்றதைத் தடுக்காது, கடிச்சே அறுத்துடும். பத்தவெச்ச சதுரக் கம்பி வலை, உங்க சுண்டு விரல் நுழையாத அளவு, அதுதான் வேணும். ஓட்டை பெருசா இருந்தா கையை விட்டு இழுக்கும். முயல் பயந்து வலை ஓரமா ஒட்டி நிக்கும், அதுதான் அதுக்கு வசதி. உள்ளே ஒரு மூலையை மூணு பக்கமும் பலகை அடிச்சு மறைச்சிட்டா ஓடி ஒளிய இடம் கிடைக்கும். சில நேரம் காயமே இல்லாம, பயத்துலயே முயல் செத்துடுமாம். அதனால அது உள்ளே வராம இருந்தா மட்டும் போதாது, முயல் கண்ணுல படாமலும் இருக்கணும்.

கட்டைத் தாழ்ப்பாளைத் தூக்கிப் போடுங்க. விரலால அழுத்தித் திறக்கிற ஸ்பிரிங் கொக்கி மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. கூண்டை மதிலிலிருந்து தள்ளி வையுங்க, தாவ முடியாத தூரத்துல. கீழேயும் சுத்தி மண்ணுல ஒரு முழம் அகலத்துக்கு வலையைப் படுக்க வெச்சுட்டா, நாளைக்கு நரியே வந்தாலும் பறிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கேட்டு அந்தக் கிளையை வெட்டிடுங்க. விழுந்த பழத்தையும் பெருக்கிடுங்க.

உங்க போன கடிதத்துல இல்லாதது ஒண்ணு எனக்குத் தோணுது. அண்ணன் விஷம் வைக்கலாம்னு சொல்லுவார், இல்ல ஏற்கெனவே சொல்லியிருப்பார். வேண்டாம். மந்திரி எதையும் தின்றவன். அதுவும் இல்லாம, இது செத்தா அந்த இடத்துக்கு இன்னொண்ணு வரும். அது பசிக்கு வருது, நமக்கு விரோதி இல்ல. இங்க கிடைக்காதுன்னு தெரிஞ்சா வேற வழி பார்த்துக்கும்.

மந்திரியைக் கூண்டுப் பக்கம் படுக்க வையுங்க. அவன் குரைப்பான்னு நான் சொல்லல. வாசனை ஒண்ணு இருக்கே.

நான் போனப்புறம் முயல் வாங்கினீங்கன்னு எழுதியிருந்தீங்க. முட்டிக்காக மட்டும்தானா?

சின்னவள்


ஜூலை 9

சின்னவளுக்கு,

முட்டிக்காகவும்தான். நீ போனப்புறம் இந்த வீட்டுல பேச்சே இல்லாம போச்சு. மிஷின் சத்தம் நின்னா சுவர்க் கடிகாரம் கேட்கும். அதுக்குத் துணையா வாயே திறக்காத பிராணியாப் பார்த்து வாங்கினேன் பாரு, என் புத்திசாலித்தனத்தை எங்க போய்ச் சொல்ல.

விஷம் விஷயத்துல உங்கண்ணனை நீ நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கே. வாங்கியே வந்துட்டார், பொட்டலம் கையில இருந்துச்சு. உன் கடிதத்தை எடுத்து அந்த வரிகளை மட்டும் சத்தமாப் படிச்சேன். முடிக்கிற வரைக்கும் நின்னார். பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், வர்றப்ப கம்பி வலைச் சுருளோட வந்தார்.

கூண்டை இந்தத் தடவை அவர்தான் செஞ்சார். இரும்புச் சட்டம், சுண்டு விரல் நுழையாத வலை, மூலையில பலகை அறை. என் சுண்டு விரலை வெச்சுத்தான் அளவு பார்த்தார், ஒவ்வொரு பக்கமா கூப்பிட்டு. எனக்கு வெட்கமாப் போச்சு. கொக்கி மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு, நடுவுல அவர் கணக்குல இன்னொண்ணு. இப்ப நானே திறக்கணும்னா நல்லா வெளிச்சம் வேணும். பக்கத்து வீட்டுக்காரர் கிளையை வெட்ட விட்டார், எங்க பக்கம் இலை விழுதுன்னு நான் போடற சண்டை நிக்கும்னு அவருக்கும் சந்தோஷம்.

முயல்களைத் திரும்ப விட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. விடிஞ்சதும் ஓடினேன். சுத்தித் தூவின மாவுல தடமான தடம். ஒரு சுத்து இல்ல, பல சுத்து. வலையில ஒரு இடத்துல நகம் கீறின கோடு. உள்ளே பலகை அறையிலேர்ந்து எல்லாம் ஒவ்வொண்ணா வெளியே வந்து, தீனி எங்கேன்னு என்னைப் பார்த்துச்சு. அப்படியே மண்ணுல உட்கார்ந்துட்டேன். மந்திரி வந்து பக்கத்துல படுத்தான். அவன் அந்த நேரம் பூராவும் தூங்கியிருப்பான்னு எனக்குச் சந்தேகமே இல்ல. அதுக்கப்புறம் ரெண்டு தடவை தடம் இருந்துச்சு, இப்ப இல்ல.

முந்தாநாள் என் கறுப்பு முயல் கறுப்பி குட்டி போட்டிருக்கா. தன் ரோமத்தையே பிய்ச்சு மெத்தை போட்டு, அதுக்குள்ள கண்ணு திறக்காம நெளியுதுங்க. உங்கண்ணன் பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வந்தப்புறம் ஒரு தடவை எட்டிப் பார்க்கறார். நேத்து அப்படிப் பார்த்துட்டு இருக்கிறப்பவே, என் பக்கம் திரும்பாம கேட்டார்.

"அங்க கட்டு மாத்தறப்ப ஜனங்க கத்துவாங்களா?"

"எங்க?"ன்னேன், வேணும்னே.

"அதான், அவ வேலை பார்க்கிற இடத்துல."

நீ போனதுக்கப்புறம் உன்னைப் பத்தி அவர் கேட்ட முதல் கேள்வி இது. எனக்குத் தெரியாது, எழுதிக் கேட்கறேன்னு சொல்லிட்டேன். கேட்டுட்டேன். பதில் போடு.

அண்ணி


ஜூலை 14

அண்ணிக்கு,

அண்ணன்கிட்ட சொல்லுங்க. கத்துவாங்க, எல்லாரும் இல்ல. கத்தறவங்களைச் சமாளிக்கிறது சுலபம், எங்க வலிக்குதுன்னு அவங்களே சொல்லிடுவாங்க. பல்லைக் கடிச்சிக்கிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவங்கதான் கஷ்டம். அவங்ககிட்ட நான் மெதுவாத்தான் கட்டைப் பிரிப்பேன், இடையில ஏதாவது பேச்சுக் கொடுத்துட்டே இருப்பேன். சில பேர் கடைசிக் கட்டுக்கு வர்றப்ப அவங்களே பேச ஆரம்பிச்சுடுவாங்க.

எனக்கு லீவு கிடைச்சிருக்கு. குட்டிகள் கண்ணு திறக்கிறதுக்குள்ள வந்துடலாம். சனிக்கிழமை சாயங்கால பஸ்ல வர்றேன். பை ஒண்ணுதான், யாரும் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம்னு எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அண்ணன் வர்றதா இருந்தா வரட்டும்.

சின்னவள்